மஞ்சள் கடுதாசிக்கு முன் ஒரு வாடகை வீடு

கேள்வி: அன்புள்ள அக்கா, தொழிலில் போட்டது எல்லாம் போய்விட்டது. இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பெர்சனல் லோன், தெரிந்தவர்களிடம் கைமாற்று என்று சேர்ந்துபோய் இனி எங்களால் அடைக்கவே முடியாது என்ற நிலை. எட்டு மாதமாகத் தவணை கட்டவில்லை, கிரெடிட் ஸ்கோர் அதலபாதாளத்தில் கிடக்கிறது. குடியிருக்கும் வீடும் பேங்க் அடமானத்தில்தான் இருக்கிறது, அதை விட்டுவிடுவதென்று முடிவு செய்துவிட்டோம். திவால் மனு போட்டுவிடலாம் என்கிறார் வக்கீல். என் பயம் ஒன்றுதான். மனு போட்ட பிறகு எங்களை நம்பி யார் வீடு தருவார்கள்? அதற்கு முன்பே வாடகைக்கு ஒன்றைப் பிடித்துக் குடிபோய்விட்டால் அது மோசடி ஆகிவிடுமா? கணவருக்கு இப்போது வருமானம் இல்லை, என் சம்பளம் மட்டும் தவறாமல் வருகிறது. பிள்ளைகள் இரண்டு பேர்.
பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்: மோசடியா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. இல்லை அம்மா, மோசடி இல்லை. குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு பார்ப்பது குற்றமே இல்லை. திவால் சட்டத்தில் கடன் கொடுத்தவருக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது ஒரு பாதி என்றால், நொடித்துப் போனவர் மறுபடி எழுந்து நிற்க வழி விடுவது இன்னொரு பாதி. மனு போடும்போது உங்கள் மாதச் செலவை எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், அதில் நியாயமான வாடகை என்பது சாப்பாட்டுச் செலவு மாதிரி அவசியச் செலவாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். ‘ஐ.பி. கொடுத்துவிட்டான்’, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்று ஊர் பேசும் பேச்சில் இருக்கிற அவமானம் சட்டத்தின் வரியில் கிடையாது.

சரி, வீடு முதலிலா மனு முதலிலா என்றால், வீடுதான் முதலில். உங்கள் வக்கீல் ஒத்துக்கொண்டால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். இன்றைக்கு உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது கடன் வாங்கிக் கட்டிய கதையைச் சொல்லும் அறிக்கையில், தெரிவது தவணை தவறிய கதை மட்டும்தான். மனு போட்டு உத்தரவு வந்துவிட்டால் ‘திவால்’ என்ற சொல்லே அதில் ஏறிவிடும், ஏறினால் லேசில் இறங்காது. இங்கிலாந்தில் வழக்கமாக 12 மாதத்தில் திவால் நிலையிலிருந்து விடுவித்துவிடுவார்கள், ஆனால் கிரெடிட் ரிப்போர்ட்டில் அது 6 வருடம் நிற்கும், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கிற அரசுப் பதிவேட்டிலும் விடுவிப்புக்குப் பிறகு 3 மாதம் வரை பெயர் இருக்கும். கனடாவில் முதல்முறை என்றால் 9 மாதத்திலேயே வெளியே வந்துவிட முடிகிறது. ஆஸ்திரேலியாவில் 3 வருடம் 1 நாள், பெயரோ தேசியப் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும். அமெரிக்காவில் சாப்டர் 7 என்ற வகையில் போனால் 10 வருடம் வரை ரிப்போர்ட்டில் காட்டலாம். நீங்கள் எந்த ஊரில் இருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை, அதனால்தான் நாலு இடத்துக் கணக்கையும் சொன்னேன். எங்கே இருந்தாலும் வீடு தேடுகிற வேலையை அந்தக் காலத்துக்குள் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். திவால் ஆனவர்களுக்கும் வீடு கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் அலைச்சல் அதிகம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அலைச்சல் வேண்டாம்.

எவ்வளவு வாடகை? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சொந்த வீட்டில் இருந்த பழக்கத்தில் அதே அளவு வீடு, அதே தெரு என்று பார்ப்பார்கள். உங்கள் ஒருத்தர் சம்பளத்தில், கணவருக்கு இன்னும் ஒரு வருடம் வேலை கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, அப்போதும் தவறாமல் கட்ட முடிகிற வாடகைக்குத்தான் வீடு பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வீட்டு ஓனர்கள் பரவலாகப் பார்க்கும் கணக்கு. இங்கிலாந்தில் ஏஜென்ட்டுகள் வருடச் சம்பளம் மாத வாடகையைப் போல 30 மடங்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதுவும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வருகிறது. அந்தக் கணக்குக்குள் அடங்குகிற வீட்டைக் கேட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே போய்விடும். இன்னொன்று, வாடகை மிக அதிகமாக இருந்தால் உங்கள் திவால் வழக்கைக் கவனிக்கும் அதிகாரியே ‘இதைக் குறையுங்கள்’ என்று சொல்லக்கூடும், குடிபோன மூன்றாம் மாதமே மறுபடி மூட்டை கட்ட வேண்டி வரும்.

அடுத்து கிரெடிட் ரிப்போர்ட். ஓனர் பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, பல நாடுகளில் இலவசமாகவே தருகிறார்கள். ஒருமுறை உங்களைப் போலவே தவித்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியோடு உட்கார்ந்து அந்தக் காகிதங்களை வரி வரியாகப் படித்தேன். பென்சிலால் ஒவ்வொரு கடனுக்கும் பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தார் அந்தப் பெண். மூன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது. நான்கு வருடத்துக்கு முன் காலி செய்த வீட்டின் விலாசம்தான் இன்னும் அவர்கள் விலாசமாக இருந்தது, அந்த வீட்டு டெலிபோன் இணைப்பு மூடப்படாமல் ஒரு சின்னத் தொகை பாக்கி என்று மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. இரண்டு வீட்டு ஏஜென்ட்டுகள் அவர்களைத் தட்டிக் கழித்ததற்குக் காரணம் பெரிய கடன் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். விலாசம் பொருந்தவில்லை என்பதுதான் முதல் காரணம். அதைத் திருத்த ஒரு கடிதமும் சில வாரமும் போதுமாக இருந்தது. அந்தப் பெண் அன்று அழுதது ஆறுதலிலா ஆத்திரத்திலா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

ரிப்போர்ட்டில் இன்னொன்றையும் பாருங்கள். கடன்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. கணவன் மனைவி என்பதாலேயே இரண்டு பேர் ரிப்போர்ட்டும் ஒன்றாகிவிடாது. சேர்ந்து வாங்கிய கடன், சேர்ந்து வைத்திருக்கும் அக்கவுண்ட் இவைதான் ஒருவர் கதையை மற்றவர் மேல் ஏற்றும். வீட்டுக்கடன் இருவர் பெயரிலும் இருக்கலாம், ஆனால் கார்டும் பெர்சனல் லோனும் கணவர் பெயரில் மட்டும் என்றால் உங்கள் ரிப்போர்ட் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமாக இருக்காது. அப்படியானால் வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும், சம்பளமும் உங்களுடையதுதானே. கணவரும் அங்கே குடியிருக்கப் போகிறார் என்பதை மட்டும் மறைக்காமல் படிவத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு பேரும் மனு போட வேண்டுமா, ஒருவர் போட்டால் போதுமா என்பதையும் வக்கீலிடம் கேளுங்கள். எத்தனையோ வீட்டில் தேவையே இல்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

வீடு தேடும்போது பெரிய ஏஜென்சிகளை விட, ஒன்றோ இரண்டோ வீடு வைத்திருக்கும் தனி ஓனர்களைத் தேடுங்கள். ஏஜென்சியில் கம்ப்யூட்டர் ஒரு எண்ணைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னால் அங்கே இருக்கிறவருக்கே மாற்ற அதிகாரம் இருக்காது. தனி ஓனர் முகம் பார்த்துப் பேசுவார். அவரிடம் அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: “எங்களுக்குத் தொழிலில் நஷ்டம், ரிப்போர்ட் எடுத்தால் தெரியும். என் வேலை நிரந்தரம், இது ஆறு மாதச் சம்பளச் சீட்டு, இது ஆபீஸ் கொடுத்த கடிதம். சம்பளம் வந்த மறுநாளே வாடகை தானாக உங்கள் அக்கவுண்ட்டுக்கு வருகிற மாதிரி பேங்க்கில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.” இவ்வளவுதான், இதற்கு மேல் குடும்பக் கதை வேண்டாம். இதைக் கேட்டு வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் ரிப்போர்ட் பார்த்த பிறகும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், உங்களுக்கு ஒரு வாரம் மிச்சம்.

இப்போது நேர்மை விஷயம். படிவத்தில் ‘நீங்கள் திவால் ஆனதுண்டா?’ என்று கேட்டால் இன்றைய தேதிக்கு ‘இல்லை’ என்பதுதான் உண்மை, அப்படியே எழுதலாம். ஆனால் ‘திவால் நடவடிக்கை ஏதாவது நடக்கிறதா, எடுக்கப் போகிறீர்களா?’ என்று கேட்டிருந்தால் அங்கே ‘இல்லை’ போடாதீர்கள். கேட்காததைச் சொல்லாமல் இருப்பது வேறு, கேட்டதற்குப் பொய் சொல்வது வேறு. பொய் சொல்லி வாங்கிய ஒப்பந்தம் என்று தெரிந்தால் காலி செய்யச் சொல்ல ஓனருக்குச் சட்டத்திலேயே பிடி கிடைத்துவிடும், இங்கிலாந்து மாதிரி இடங்களில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. மனு போட்ட பிறகு அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டு திவால் அதிகாரி ஓனருக்குக் கடிதம் எழுதக்கூடும், அன்றைக்கு அவர் ஏமாந்ததாக நினைக்கக் கூடாது. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்கள். ‘குடியிருப்பவர் திவாலானால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்’ என்ற வரி சில ஒப்பந்தங்களில் உள்ளே புதைந்து கிடக்கும். அது இருந்தால் வக்கீலிடம் காட்டிவிட்டு, எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அட்வான்ஸ் பணம் எங்கிருந்து வரும் என்பதில் மிக ஜாக்கிரதையாக இருங்கள், மோசடி என்ற வார்த்தை உண்மையிலேயே நுழைகிற வாசல் இதுதான். கிரெடிட் கார்டில் மிச்சமிருக்கும் லிமிட்டைப் பணமாக எடுத்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். திருப்பிக் கட்டப் போவதில்லை என்று தெரிந்தே வாங்கும் கடன் அது. அமெரிக்காவில் மனுவுக்கு முந்தைய 70 நாளுக்குள் குறிப்பிட்ட தொகைக்கு மேல் அப்படி எடுத்த பணத்தை மோசடி என்றே முதலில் வைத்துக்கொள்வார்கள், தள்ளுபடியும் கிடைக்காமல் போகலாம். அதே மாதிரி ‘பேங்க் எப்படியும் போகட்டும், அண்ணனிடம் வாங்கியதை மட்டும் முதலில் கொடுத்துவிடுவோம்’ என்ற எண்ணமும் வரும். நல்ல எண்ணம்தான், ஆனால் செய்யாதீர்கள். ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்ததாக ஆகிவிடும். சொந்தக்காரருக்குக் கொடுத்திருந்தால் அமெரிக்காவில் ஒரு வருடம், இங்கிலாந்தில் இரண்டு வருடம் பின்னோக்கிப் போய் அந்தப் பணத்தை அண்ணனிடமிருந்தே திரும்பக் கேட்க முடியும். நீங்கள் அவருக்குச் செய்த நன்மை அவர் வீட்டு வாசலில் நோட்டீஸாக வந்து நிற்கும்.

அப்படியானால் வழி? உங்கள் சம்பளம்தான். தவணை நின்றுபோனாலும் எந்தக் கடனுக்காவது இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தலாமா என்று வக்கீலிடம் கேட்டு, அவர் சரி என்றால் இரண்டு மூன்று மாதச் சம்பளத்திலிருந்து அட்வான்ஸுக்குச் சேர்த்துவிட முடியும். வீட்டில் பெரியவர்கள் யாராவது உதவுகிறார்கள் என்றால் அது கடன் இல்லை, கொடை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் அவர்களே நேரடியாக ஓனர் அக்கவுண்ட்டில் போடட்டும். கொடுத்த அட்வான்ஸ் உங்கள் சொத்துக் கணக்கில் வரும், மனுவில் அதை எழுத மறக்காதீர்கள். ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னால் ஓனர் இறங்கி வருவார்தான், ஆனால் எல்லா இடத்திலும் அது செல்லாது. இங்கிலாந்தில் 2026 மே முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டி வாங்கவே கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது.

கடன் இல்லாத வேறொரு பேங்க்கில் சாதாரண அக்கவுண்ட் ஒன்று திறந்து சம்பளத்தை அங்கே மாற்றுங்கள். கடன் கொடுத்த பேங்க்கிலேயே சம்பளமும் விழுந்தால், பாக்கிக்கு அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டு அந்த மாத வாடகையே நிற்கும். பழைய வீட்டுச் சாவியை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். சாவியைக் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று அர்த்தமில்லை, விற்ற பணம் போக மிச்சம் உங்கள் பெயரில்தான் நிற்கும். சில இடங்களில் அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு மட்டும் கிடைக்கிற சலுகைகளும் உண்டு. புது வீட்டில் பால் காய்ச்சி, முதல் மாத வாடகையும் போன பிறகு, வக்கீலிடம் கேட்டுச் சாவியைக் கொடுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு உங்கள் வாசகர்கள் பலரைப் போல ரிப்போர்ட் மோசம். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் இருந்தால் வீடு தருகிறேன் என்கிறார் ஓனர். தம்பி சீக்கிரம் திவால் மனு போடப் போகிறான் என்பது எனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: தம்பி திவாலானால் அவன் கடன்தான் போகும், உங்கள் ஜாமீன் போகாது. அவன் கட்டாத வாடகையை ஓனர் நேராக உங்களிடம் கேட்பார், கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. மூன்று மாத வாடகையை உங்கள் கையிலிருந்து கொடுக்க முடியுமா, கொடுத்த பிறகும் தம்பியிடம் பழையபடி பேச முடியுமா என்று இரண்டையும் யோசியுங்கள். இரண்டுக்கும் முடியும் என்றால் தாராளமாகப் போடுங்கள், கூடப் பிறந்தவன் தெருவில் நிற்கும்போது செய்யாமல் வேறு எப்போது செய்வது. ஆனால் வெற்றுத் தாளில் போடுகிற மாதிரிப் போடாதீர்கள். எவ்வளவு தொகை வரை, எந்தத் தேதி வரை என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். வாடகை ஏறினாலும் ஒப்பந்தம் புதுப்பித்தாலும் இந்த ஜாமீன் தானாகத் தொடராது என்று ஒரு வரி இருக்கட்டும். பகிர்ந்து இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம், கூட இருப்பவர் கட்டாத வாடகைக்கும் நீங்கள் பொறுப்பு என்று சில ஜாமீன் பத்திரங்களில் இருக்கும்.

கேள்வி: நான் ஏற்கெனவே வாடகை வீட்டில்தான் இருக்கிறேன், மூன்று மாத வாடகை பாக்கி. திவால் மனுவில் இந்தப் பாக்கியையும் சேர்த்துவிட்டால் கடனும் போகும், வீட்டிலும் இருக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: பாதி சரி, மீதிப் பாதியில்தான் ஆபத்து. பாக்கியை மனுவில் சேர்க்கத்தான் வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனால் பாக்கி தள்ளுபடி ஆவதும் வீடு தங்குவதும் ஒன்று இல்லை. இங்கிலாந்தில் 2011-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, வாடகைப் பாக்கியை ஓனர் வசூல் செய்ய முடியாமல் போனாலும், அதைக் காரணம் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்று. அமெரிக்காவில் மனு போட்டவுடன் காலி செய்ய வைக்கும் நடவடிக்கை தானாக நின்றுவிடும், ஆனால் ஓனர் அதற்கு முன்பே கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருந்தால் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அந்த வீட்டிலேயே இருக்க ஆசை என்றால் மனுவுக்கு முன் ஓனரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள், இனி வரும் வாடகையை ஒரு நாள் கூடத் தவறவிடாதீர்கள். பழைய பாக்கியைக் கட்டுவதற்கு முன் மட்டும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், மேலே அண்ணன் கதையில் சொன்ன முன்னுரிமைச் சிக்கல் இதிலும் வரலாம்.

கேள்வி: ரிப்போர்ட் பார்த்துவிட்டு வீடு இல்லை என்கிறார்கள். காரணம் கேட்டால் சொல்வதில்லை. ஒருவர் பணம் கொடுத்தால் ஒரே மாதத்தில் ஸ்கோரைச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார், கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உண்மையான பதிவை யாராலும் பணம் வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது, தப்பான பதிவைத் திருத்த நீங்களே எழுதினால் போதும், செலவே இல்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் ரிப்போர்ட்டைக் காரணமாக வைத்து மறுத்தால் எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட் என்று ஓனர் சொல்லியே ஆக வேண்டும், 60 நாளுக்குள் அதன் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வேறு நாடு என்றாலும் கேட்பதில் தப்பில்லை, எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட் என்ற பெயராவது கிடைக்கும், அங்கிருந்து நீங்கள் தொடங்கலாம். அந்த ஆளுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தை அட்வான்ஸுக்கு எடுத்து வையுங்கள்.